கரையில் மடித்து வைத்த கையுறைகள்

எங்கள் கட்டட லிஃப்ட் மூன்றாவது மாடியில் நிற்கும்போது மட்டும் ஒரு தடவை இருமும். பழுது பார்க்க வந்தவரிடம் கேட்டேன். ஏதோ தகடு உரசுகிறது, ஆபத்தில்லை என்றார். ஆபத்தில்லை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த மாடியில் இருப்பது இரண்டே வீடுகள். லிஃப்ட் இருமினால் ஒன்று எனக்கு ஆள் வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிர் வீட்டுக்கு. எனக்கு யாரும் வருவதில்லை. அதனால் கண்டுபிடிப்பது சுலபம்.

நீங்கள் வந்தபோதும் இருமியது. நீங்கள் மணியை அழுத்துவதற்கு முன்பே நான் கதவைத் திறந்ததில் கொஞ்சம் திடுக்கிட்டுப் போனீர்கள். உட்காருங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. அந்த நாற்காலிதான் வசதி. மெத்தை சற்று மேடு தட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். டீயில் சர்க்கரை பாதிதான் போட்டிருக்கிறேன். உங்கள் சட்டைப்பையில் மாத்திரை அட்டை எட்டிப் பார்க்கிறது.

இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். எதிர் வீட்டுப் பெண்ணைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்பது ஒன்று. இந்த வெயிலில் அவள் எதற்குக் கையுறை கொண்டு போனாள் என்பது இரண்டு. பிளாஸ்டிக் பையில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, வெள்ளைக் கையுறைகள், ஏரிக்கரையில் மடித்து வைத்திருந்தவை. முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுக்குக் கொஞ்சம் நேரமாகும். உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே? அவளுக்கும் இனி இல்லை.

அவள் இங்கே குடிவந்து நாலு வருஷம். வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது, சினிமாக்காரி என்று. சாமான்களில் பாத்திரத்தைவிடக் காகிதம் அதிகம். மூன்று இயக்குநர்களுக்கு உதவியாளராக இருந்துவிட்டு, சொந்தமாக ஒரு படம் எடுக்க அலைந்துகொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வயது. அம்மா வேறு ஊரில். ஒரு பையன் இரண்டு வருஷம் வந்துபோய்க்கொண்டிருந்தான், அப்புறம் வரவில்லை. கண்ணாடி போட்டவன், லிஃப்டை விட்டுப் படியில் ஏறுவான். அதனால் நான் காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் நின்றுபோனதற்குக் காரணம் கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, செட் ஆகல" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சட்டையைச் சொல்வது மாதிரி சொல்கிறார்கள்.

என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அவள் அம்மா வயது. இருந்தாலும் அக்கா என்றாள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

சினிமாவுக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு. படங்களுக்கு விளம்பர வேலை பார்க்கிற அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்து டைப் செய்கிறேன். படம் வெளியாவதற்கு இரண்டு நாள் முன்பு விமர்சகர்களுக்கென்று காலை பத்து மணிக்கு ஒரு காட்சி போடுவார்கள். எடுத்தவர்கள் அதில் உட்காரக் கூடாது. அது ஒரு மரியாதை. வாசலில் ஆளுக்கு ஓர் உறை கொடுப்போம். உள்ளே ஒரு பேனா, ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு தாள். அந்தத் தாள்தான் என் வேலை. யார் நடித்தது, யார் எடுத்தது, கதை என்ன, எதிலிருந்து எடுத்தது, எல்லாம் ஒரே பக்கத்தில். விமர்சகர்கள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை பத்திரிகையைப் பிரித்தால் என் தாள் ஏழு விதமான மீசை வைத்துக்கொண்டு வரும்.

மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். போன வருஷம் ஒரு படத்துக்கு இரண்டு மணி பத்து நிமிடம் என்பதற்குப் பதிலாக மூன்று மணி பத்து நிமிடம் என்று தவறுதலாக அடித்துவிட்டேன். அந்த வாரம் நாலு பேர் எழுதியிருந்தார்கள், மூன்று மணி பத்து நிமிடம் நெளிய வைக்கிறது, ஒரு மணி நேரத்தை வெட்டியிருக்கலாம் என்று. நாலு பேரும் உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்கள், கையில் கடிகாரம் கட்டியவர்கள். அன்றைக்கு ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. அதை ஒரு வருஷம் சும்மாதான் வைத்திருந்தேன்.

இப்போது அந்த நாவல். பழைய பிரெஞ்சு நாவல். படித்தவர்கள் என்று பெயர் எடுத்த எல்லோரும் படித்துவிட்டதாகச் சொல்வார்கள். அறுநூறு பக்கம். தமிழில் நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை அச்சானது. நகரத்துப் பொது நூலகத்தில் ஒரு பிரதி உண்டு. பட்டியலில் மட்டும் உண்டு. என் வீட்டுக்காரர் புத்தகம் கட்டுகிறவர். அட்டை கிழிந்த அந்தப் பிரதியை நூலகத்திலிருந்து கட்டுவதற்கு வாங்கி வந்தார், அழகாகக் கட்டினார், திருப்பிக் கொடுக்க மறந்தார், போய்ச் சேர்ந்தார். முத்திரையோடு என் அலமாரியில் இருந்தது.

அவளுக்கு அதைப் படிக்கக் கொடுத்தது நான்தான். ஜுரத்தில் படுத்திருந்தாள், கஞ்சி கொண்டுபோனபோது பொழுது போகட்டும் என்று அதையும் கொண்டுபோனேன். அறுநூறு பக்கத்தையும் நாலு நாளில் முடித்துவிட்டு, கண் சிவக்க என் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, இதைத்தான் நான் எடுக்கப் போறேன். ஆனா சிரிக்கச் சிரிக்க எடுப்பேன்" என்றாள்.

கதை இவ்வளவுதான். ஒரு சின்ன ஊரில் கையுறை தைக்கிற ஒரு பெண். போருக்குப் போனவனுக்காகப் பதினோரு வருஷம் காத்திருக்கிறாள். அவன் வருகிறான், மனைவி பிள்ளையோடு. மனைவிக்குக் கையுறை வாங்க இவள் கடைக்கே வருகிறான். இவள் அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கிறாள். ஊரே அவள் என்ன செய்யப்போகிறாள் என்று வேடிக்கை பார்க்கிறது. கடைசியில் கடையைப் பூட்டி, சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு, வெளியூர் போகிற குதிரை வண்டியில் ஏறிவிடுகிறாள். வண்டி வளைவில் திரும்புகிறது. அவ்வளவுதான், நாவல் முடிகிறது. எங்கே போனாள், எப்படி இருந்தாள், ஒன்றும் கிடையாது. அறுநூறு பக்கம் படித்தவளுக்கு ஒரு முகவரிகூடக் கொடுக்காமல் முடிக்கிற கதை. எனக்கு அது என்றைக்குமே பிடித்ததில்லை.

அவள் அதை இந்தக் காலத்துக்கு மாற்றினாள். கதாநாயகி பைக் ஓட்டுகிறவர்களுக்குக் கையுறை விற்கிற கடையில் வேலை பார்க்கிறாள், காதலன் வெளிநாடு போகிறான், காணொளியில் பேசுகிறான், திரும்பி வரும்போது பெண்டாட்டியோடு வருகிறான். கடைசியில் கதாநாயகி கடையைப் பூட்டிவிட்டு, சாவியைச் சாக்கடையில் போட்டுவிட்டு, பஸ் ஏறுகிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்து சிரிக்கிறாள். பஸ் வளைவில் திரும்புகிறது. வண்டிக்குப் பதில் பஸ், மற்றபடி நாவலின் முடிவேதான்.

புத்தகத்தை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தாள். டீ குடித்தாள், இதே மேசைமேல் வைத்தாள். அட்டை அழுக்காகாமல் காகித உறைகூடப் போட்டிருந்தாள்.

வெளியாவதற்கு மூன்று வாரம் முன்னால் வேண்டியவர்களுக்கு மட்டும் ஒரு சோதனைக் காட்சி. பெயர்கள் எல்லாம் சேர்க்காத படம். என்னை இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

படத்தில் கதாநாயகியின் எதிர் வீட்டில் ஒரு பெண்மணி வருகிறாள். நாவலில் அப்படி ஒருத்தி கிடையாது. கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டே வாழ்கிறவள். யாராவது எதையாவது முக்கியமாகச் சொல்ல வாயெடுத்தால் போதும், அவள் கையை உயர்த்தி, "கொஞ்சம் இருங்க, லிஃப்ட் நிக்குது, யாருன்னு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்" என்று ஓடுவாள். பெண் கேட்டு வரும்போது ஓடுவாள். கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது ஓடுவாள். மூன்றாவது தடவை அவள் கையை உயர்த்தியபோதே அரங்கம் முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒளிப்பதிவாளர் சிரித்துவிட்டு, என் சேலையைப் பார்த்தார். அந்த நடிகை கட்டியிருந்ததும் அதே நிறம்.

நானும் சிரித்தேன். நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. வெளியே வந்து அவள் கையைப் பிடித்து, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றேன். "கோவம் இல்லையேக்கா?" என்று கேட்டாள். "எதுக்கும்மா கோவம்?" என்றேன். சொல்லப்போனால், அவள் கேட்கும்வரைக்கும் அது நான்தானா என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

அப்புறம் அவளே வந்தாள். "அக்கா, நாவலைப் பத்தி அந்தத் தாள்ல நீங்களே நாலு வரி எழுதிடுங்க. உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?" எழுதினேன். அவளிடம் காட்டினேன். கடை, சாவி, கிணறு, வண்டி, வளைவு, எல்லாம் சரியாக இருந்தது. படித்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். மறுநாள் அலுவலகத்தில் பிரதி எடுப்பதற்கு முன்னால் கடைசி இரண்டு வரியை மாற்றினேன்.

மாற்றியது இப்படி: "விடியலில் அவள் ஆற்றில் இறங்குகிறாள். கரையில் அவள் தைத்த வெள்ளைக் கையுறைகள் மட்டும் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. உலக இலக்கியத்தின் மறக்க முடியாத முடிவு."

இதில் என் நோக்கம் விமர்சகர்களைச் சோதிப்பது, அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாக என் எழுத்தைத் தங்கள் பெயரில் போடுகிறவர்கள். எத்தனை பேர் விழுகிறார்கள் என்று பார்க்கத் தோன்றியது. ஒருவராவது, "இது என்ன, நாவலில் இப்படி இல்லையே" என்று தொலைபேசியில் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு நாள் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தேன். ஒப்புக்குக்கூட ஒருவர் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழு பேரும் எழுதினார்கள். பேராசிரியர் என்று நாங்கள் கூப்பிடுகிற மூத்தவர், கல்லூரி நாட்களில் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தார். கறுப்புக் கண்ணாடிக்காரர், இருட்டு அரங்கத்திலும் கழற்றாதவர், தலைப்பே போட்டுவிட்டார்: "கையுறைகள் எங்கே?" இன்னொருவர், ஒரு மரணத்தைக் கொண்டுபோய் பஸ் டிக்கெட்டுக்கு விற்றுவிட்டார் என்றார். வழக்கமாக எல்லாப் படத்துக்கும் மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிற அம்மாள்கூட, மூலத்தை அறிந்தவள் என்ற முறையில் கைகள் நடுங்குகின்றன என்று ஒன்றரையோடு நிறுத்திக்கொண்டார். படம் நன்றாக ஓடியிருந்த ஊர்களிலும் சனிக்கிழமைக்குள் பேச்சு மாறிவிட்டது. சிரித்துவிட்டு வந்தவர்களுக்கே சிரித்தது தப்போ என்று ஆகிவிட்டது. கைபேசியில் எல்லாம் வெள்ளைக் கையுறைப் படம் போட்டு, இதை மறந்துட்டீங்களா மேடம் என்று கேலி.

இணையத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஆனால் தேடுகிறவன் தெரியாதவன் அல்லவா? இவர்கள் தெரிந்தவர்கள். பிறகு மற்றவர்கள் தேட ஆரம்பித்தபோது முதலில் வந்து விழுந்தது இவர்கள் எழுதியதுதான்.

அவள் பேட்டியில் சொன்னாள், நாவலில் அப்படி ஒரு முடிவே இல்லை என்று. பேட்டி எடுத்தவன் சிரித்தான். ஏழு பேரும் தப்பாகப் படித்துவிட்டார்களா மேடம் என்று கேட்டான். அதற்குள் பேராசிரியர் ஒரு குறிப்பு வெளியிட்டார்: ஆசிரியர் இரண்டாம் பதிப்பில் முடிவை மாற்றினார், இயக்குநர் படித்தது சுருக்கப் பதிப்பாக இருக்கும். அது எனக்கே தெரியாத செய்தி. பொய் சொன்னவளைவிட, பொய்க்கு முட்டுக் கொடுத்தவர்கள்தான் அதிகம். பின்வாங்கினால் படிக்கவே இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு பெண்ணின் படம் போவது மேல்.

அவள் நேராக என்னிடம்தான் வந்தாள். தாளில் சரியாகத்தானே போட்டீர்கள் என்று கேட்டாள். அவளுக்குக் காட்டிய முதல் தாளை எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு பேரும் சேர்ந்து திட்டம் போட்டுக் கவிழ்க்கிறார்கள் என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் காட்சிக்கு நான் போனேன். டிக்கெட் எடுத்துத்தான் போனேன். மொத்தம் நாலு பேர். இந்தத் தடவை முடிவில் பெயர்கள் எல்லாம் ஓடின. எல்லாம் ஓடி முடிந்து, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது: "எதிர் வீட்டு அக்காவுக்கு. ஜுரத்தில் ஒரு புத்தகமும் கஞ்சியும் கொடுத்ததற்கு."

மற்ற மூன்று பேரும் அதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள். விளக்கு போடும்வரை உட்கார்ந்திருந்தேன். கூட்டுகிறவர் வந்து, "ஏம்மா, படம் முடிஞ்சிடுச்சு" என்றார். வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். அவள் போட்ட காகித உறை அப்படியே இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள், நன்றி சொல்வதென்றால் எல்லோரும் பார்க்கிற இடத்தில் சொல்ல வேண்டும். கேலியை நடுப்படத்தில் வைத்துவிட்டு, நன்றியை எல்லோரும் எழுந்து போனபிறகு வைத்தால் என்ன அர்த்தம்? புத்தகத்தை வேறு இடத்தில் வைத்தேன்.

புதன்கிழமை காலை அவள் வந்தாள். தூங்காத கண். கையில் பிரெஞ்சில் அச்செடுத்த நாலு தாள். அது அவளுக்கும் படிக்க வராது, வேறு யாரும் நம்பவும் இல்லை. அவளுடைய தயாரிப்பாளர் கடைசியாக ஒரு வழி சொல்லியிருந்தாராம். தமிழ்ப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முத்திரையோடு படம் எடுத்துக் கொடுத்தால் வெள்ளிக்கிழமைப் பத்திரிகைகளில் முழுப்பக்கம் போடுகிறேன், அரங்குகளையும் இன்னொரு வாரம் பிடித்து வைக்கிறேன். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கிவிடுவார்கள், அடுத்த படத்தையும் மறந்துவிடு என்று. நாலு வருஷ அலைச்சல் ஒரு பக்கத்தில் வந்து நின்றது.

"அந்தப் புத்தகத்தைக் கொடுங்கக்கா. ஒரே ஒரு போட்டோ. அஞ்சு நிமிஷம்" என்றாள்.

"அது உன்கிட்டதானேம்மா இருக்கு" என்றேன்.

"கொடுத்துட்டேனேக்கா. டீ குடிச்சேன், இந்த மேசைமேலதான் வச்சேன்."

"இல்லையேம்மா. டீ குடிச்சே. புத்தகம் அப்புறம் தரேன்னு சொன்னே."

என்னையே பார்த்தாள். என் முகத்தில் அவள் எதைத் தேடினாளோ, அது அங்கே இல்லை. நான் சாதாரணமாகத்தான் இருந்தேன். "வா, நானும் வந்து தேடறேன்" என்று அவளோடு போனேன்.

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். புதன் முழுக்கவும் வியாழன் மதியம்வரையும் நான் அவளோடு அந்த வீட்டில் தேடினேன். கட்டிலை நகர்த்தினோம். பெட்டிகளைக் கவிழ்த்தோம். பரணில் நானே ஏறினேன், இந்த முழங்காலோடு. கோழியைத் திருடியவளும் கூடச் சேர்ந்து தேடினாள் என்று கிண்டல் செய்யலாம். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு வேறு யார் துணை இருந்தார்கள், சொல்லுங்கள். மதியச் சாப்பாடு நான்தான் கொண்டுபோனேன். அவள் அம்மாவிடம் தொலைபேசியில் பேசி, பயப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

வியாழன் பிற்பகல் அவள் காகிதக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். படப்பிடிப்பில் பயன்படுத்திய வெள்ளைக் கையுறைகள் ஒரு பெட்டிக்கு அடியிலிருந்து வந்திருந்தன. அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, நீங்க பல தடவை படிச்சிருக்கீங்க. வண்டிதானே? வளைவுல திரும்புதே, அதானே கடைசி?"

அப்போது ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும். வேறு எதுவும் வேண்டாம், ஆமாம் என்றால் போதும். புத்தகம்கூட வேண்டாம்.

"எனக்கும் கையுறைன்னுதாம்மா ஞாபகம்" என்றேன்.

மடியிலிருந்த கையுறைகளை விரலால் நீவினாள். பிறகு, "அப்ப நான்தான் தப்பா படிச்சேனாக்கா? ஜுரத்துல?" என்றாள்.

"ஜுரத்துல படிச்சா நம்ம மனசுக்கு ஏத்த மாதிரிதானே நிக்கும்" என்றேன். தலையை வருடிக் கொடுத்தேன். குழந்தை மாதிரி தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் தேடுவதை நிறுத்திவிட்டாள். சுவரில் காதை வைத்துக் கேட்டேன். இழுப்பறைச் சத்தம் இல்லை.

வெள்ளிக்கிழமை படத்தை எடுத்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. கடைசியாகப் பார்த்தது சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு, கதவுத் துவாரத்தின் வழியாக. அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து என் கதவுக்கு நேராக நின்றாள். மணியை அழுத்த வலது கையை உயர்த்தினாள். இடது கையில் அந்தக் கையுறைகள் இருந்தன. உயர்த்திய கை அப்படியே இருந்தது. நான் கதவுக்கு இந்தப் பக்கம், மூச்சு விடாமல். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றரை அங்குலப் பலகைதான். பிறகு கையை இறக்கிக்கொண்டாள். லிஃப்ட் இருமியது. போய்விட்டாள்.

இந்த ஊரில் அவள் கையில் அந்தக் கையுறைகளைப் பார்த்து, அவள் எங்கே போகிறாள் என்று தெரிந்துகொள்ளக்கூடிய ஆள் ஒருத்திதான். ஏனென்றால் அந்த முடிவை எழுதியது ஒருத்திதான். கையுறைகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை ஐயா. முதல் பதிப்பிலும் இல்லை, பேராசிரியரின் இரண்டாம் பதிப்பிலும் இல்லை. அவை என்னுடையவை. ஏரி பஸ்ஸில் இருபது நிமிஷம். உங்கள் நிலையத்துக்குத் தொலைபேசியில் இரண்டு நிமிஷம். எனக்கு அன்றைக்கு விடுமுறை. நான் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் கதவைத் திறக்கவில்லை என்றுதானே கேட்கப் போகிறீர்கள். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து, எங்கேம்மா கிளம்பிட்டே, கையில் என்ன என்று கேட்டால் அதற்கு என்ன பெயர்? வம்பு. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது. படத்தில் அந்தப் பெண்மணி அதைத்தான் செய்வாள், ஊரே சிரிக்கும். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்பதை அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதல் பக்கத்தில் பேராசிரியர் அஞ்சலி எழுதியிருக்கிறார். தான் சிதைத்த நாயகியின் முடிவையே இறுதியில் அவர் ஏற்றுக்கொண்டார், மூலத்துக்கு அவர் செய்த ஒரே நியாயம் என்று. நல்ல நடை. நாலாம் பக்கத்தில் வாசகர் கடிதத்தில் ஒரு பிரெஞ்சு ஆசிரியை ஆறு வரி எழுதியிருக்கிறார்: நாவல் வண்டி வளைவில் திரும்புவதோடு முடிகிறது, ஆறும் இல்லை, கையுறையும் இல்லை, விமர்சகர்கள் எதைப் படித்தார்கள் என்று தெரியவில்லை. கடிதம் புதன்கிழமையே போய்விட்டதாம். ஞாயிற்றுக்கிழமைதான் இடம் கிடைத்திருக்கிறது. பக்கத்திலேயே பாத்திரக்கடை விளம்பரம். யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. ஏழு பேரில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வேறு படம் இருக்கிறது, வேறு தாள் அடித்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் எழுந்து நிற்கிறீர்கள். ஆமாம், மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். காகித உறை போட்டிருக்கும். கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். வண்டி வளைவில் திரும்பும். நீங்களே சொல்லுங்கள், அதற்குப் பெயர் முடிவா? இதற்கு என்ன தண்டனையோ, கொடுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் அந்த வாக்குமூலத் தாளில் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு படத்தில் ஏதோ ஒரு வேஷத்தைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதற்காக ஓர் உயிரை எடுக்கிறவள் இல்லை நான். அந்த வேஷத்துக்கும் எனக்கும் எந்த ஒற்றுமையும் கிடையாது. அதை எழுதிவிட்டுக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கொஞ்சம் இருங்கள். லிஃப்ட் நிற்கிறது. அவள் அம்மாவாக இருக்கும், சாமான் எடுக்க வருவதாகச் சொன்னார்கள். யார் என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.